பெருங்காயத்துக்குள்ளே கோதுமை

மூன்று வேளையும் அரிசியை நம்பி வாழ்கிற ஊரில் கோதுமை ஆகாத நோய் வந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களிடம் எங்கள் வீட்டுப் பழைய பெருங்காய டப்பாவைக் கொடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்கிறேன். கோதுமை மாவு என்று அச்சடித்திருக்கிறது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிற அசல் பெருங்காயத்தை அப்படியே குழம்பில் போட முடியாது, அத்தனை நெடி. மாவும் பிசினும் சேர்த்துத் தணித்து, கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமையாகவோ மைதாவாகவோ இருக்கிறது. சாம்பார், ரசம், நீர்மோர், புளியோதரை, ஊறுகாய், முறுக்கு என்று அது விழாத பண்டம் நம் சமையலில் எத்தனை?

என் மனைவிக்கும் மகளுக்கும் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். சத்தை உறிஞ்சிக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகும். அப்புறம் முருங்கைக்கீரை தின்றாலும் மாத்திரை விழுங்கினாலும் இரும்பு ரத்தத்துக்குப் போய்ச் சேராது. இது தடித்து அரிக்கிற அலர்ஜி இல்லை. இதற்கு மாத்திரையும் கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வருஷங்கள் ஆயின. பிரசவத்துக்குப் பிறகு என் மனைவிக்கு ரத்தம் ஏறவே இல்லை. இரும்பு மாத்திரை, பேரீச்சம்பழம், பூச்சி மாத்திரை, மறுபடி இரும்பு மாத்திரை. வயிறு உப்பும், வாய்ப்புண் வரும், படியேறினால் மூச்சு வாங்கும். ஒரு தனியார் மருத்துவமனையில், "புள்ளைக்குக் குடுத்துட்டு நீ சரியா சாப்புடறதில்ல" என்று அவளைத்தான் திட்டி அனுப்பினார்கள். கர்ப்பமாக இருந்தபோது கால் வீக்கத்துக்கு என் அம்மா பார்த்துப் பார்த்துக் காய்ச்சிக் கொடுத்தது பார்லி கஞ்சி. கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவர், இத்தனை மாத்திரை போட்டும் இரும்பு ஏன் ரத்தத்துக்கு வரவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் சோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்தது. முடிவு வந்தது. இது குடும்பத்தில் ஓடுகிற நோய், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று எடுத்தால் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கும், மகளுக்கும் பார்த்துவிடுங்கள் என்றார். அவளுக்கு வயிற்று வலிகூட வந்ததில்லை. உயரம் மட்டும் குறைச்சல். "அவங்க ஆயா மாதிரி குட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவளுக்கும் இருந்தது.

மருத்துவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நம் பக்கத்தில் இது அவர்கள் கண்ணில் படாத நோய். 1960களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றிய வடாற்காடு கிராமங்களில் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. அதை ஆராய்ந்த வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கர், வி.ஐ.மதன் ஆகியோரின் கட்டுரைகளை உலகமே படித்தது. தென்னிந்தியாவில் சத்து உடம்பில் ஒட்டவில்லை என்றால் அந்த ஸ்ப்ரூவோ குடல் காசநோயோதான் முதலில் நினைவுக்கு வரும். சீலியாக் என்றால் பஞ்சாபிகளின் நோய், வெள்ளைக்காரர்களின் நோய்.

அந்த எண்ணத்தில் பாதி உண்மை. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று 23,000 பேருக்கு மேல் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வெளியானது. தெற்குக்கு வேலூர் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரிடமும், தெற்கே வெறும் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. ஆயிரத்துக்கு ஒருவர். அப்படியானால் நம் உடம்பு வேறு வார்ப்பா என்றால், இல்லை. இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தெரிந்தது தட்டில். வடக்கே ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். ஒரு சப்பாத்திக்குக்கூடக் காணாது.

கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த 25 கிராம் இன்னும் 25 கிராமாகவே இருக்கிறதா என்று விழுப்புரம் பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது. 

குளூட்டன்தான் குற்றவாளி என்று தெரிந்ததில் ஒரு போரின் கதை இருக்கிறது. 1924-இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சீலியாக் பிள்ளைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்துத் தேற்றினார். பெயரெல்லாம் வாழைப்பழத்துக்குப் போனது. ரொட்டி வயிற்றுக்குள் போகாததுதான் பிள்ளைகளைத் தேற்றியது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு மட்டும் கோதுமை மேல் சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிப் பனிக்காலத்தில், 1944-45-இல், அந்த நாட்டில் ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பசியில் மெலிந்தபோது சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். டிக்கே தன் சந்தேகத்தைச் சோதனைகளால் உறுதிப்படுத்தி 1950-இல் ஆய்வேடாகக் கொடுத்தார்.

அதே போர் நமக்கு நேர்மாறாக ஒன்றைச் செய்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றது. சென்னை மாகாணத்துக்கு ரேஷனும் கோதுமையும் வந்தன. பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டலில் அரிசி இல்லாத நாளில் பிறந்ததுதான் ரவா இட்லி என்று அவர்கள் சொல்வார்கள். எங்கள் அப்பாவுக்கு இந்தக் கதையின் அடுத்த பாகம் தெரியும். 1960களில் அவர் பள்ளிக்கூடத்தில் தின்றது அமெரிக்காவின் 'கேர்' நிறுவனம் அனுப்பிய கோதுமையில் கிண்டிய உப்புமா. "கெடுதல் ஒண்ணும் இல்லடா, பசிக்கு அமிர்தம்" என்பார். கோதுமை நம் பக்கத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிய தானியமாக வரவில்லை, அரிசி கிடைக்காத காலத்து மாற்றாகவே வந்தது. இப்போது சர்க்கரை நோய்க்கு மருந்துபோலப் பரிமாறப்படுகிறது.

எங்கள் வீட்டுச் சிக்கலும் அதில்தான் தொடங்கியது. அப்பாவுக்குச் சர்க்கரை. ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி என்று டாக்டர் சொல்லி அது பழக்கமாகிவிட்டது. மாவு பிசைவது என் மனைவி. பிசையும்போது பறக்கிற மாவு, பூரிக்கட்டை, பலகை, சப்பாத்தி சுட்ட அதே கல்லில் அப்புறம் தோசை. ஒரு நாளைக்கு வெறும் 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் கெடுகிறது என்று 2007-இல் இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். தனிக் கல், தனிக் கரண்டி என்று கொஞ்ச நாள் ஓட்டினோம். ஒரு நாள் அம்மாதான் முடித்துவைத்தார். "ரெண்டு சமையல் எல்லாம் ஆவாது. ஊட்டுக்குள்ள கோதுமையே வேணாம்." அப்பா முணுமுணுத்தார். இப்போது ராத்திரியில் அவருக்குக் கேழ்வரகு அடை, கம்பு தோசை, வரகரிசி உப்புமா. சிறுதானியம் என்றதும் அளவில்லாமல் தின்னலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதுவும் மாவுச்சத்துதான். அம்மா அளந்தே வைக்கிறார், சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கிறது.

வீட்டுக்குள் தீர்ந்தது ஊருக்குள் தீரவில்லை. மாவு மெஷினில் முந்தின ஆளின் கோதுமை அரைபட்ட கல்லிலேயே நம் பச்சரிசியும் அரைபடும். முதலில் விழுகிற ஒரு பிடியைத் தள்ளிவிட்டால் போதாது, இடுக்கெல்லாம் மாவு. மெஷின்காரர் நல்ல மனுஷன். "காலையில மொத ஆளா வாங்க சார், ராத்திரியே தொடச்சு வெக்கிறேன்" என்றார். நாங்கள் வீட்டுக்கே ஒரு சின்ன அரவை மெஷின் வாங்கிவிட்டோம். பெருங்காயத்துக்கு, அரிசி மாவு சேர்த்ததாக எழுதியிருப்பதைத் தேடி வாங்குகிறோம். குளூட்டன் இல்லை என்று அட்டையில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த எழுத்து உள்ள பாக்கெட்டுகள் திண்டிவனத்தில் அபூர்வம், விலையும் அதிகம். நல்லவேளை, இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் யாரும் அட்டை ஒட்ட வேண்டியதில்லை. சம்பா கோதுமை நாட்டு ரகம், அது ஒன்றும் செய்யாது என்று சொல்கிற அன்பர்களுக்கு: செய்யும். ஹார்லிக்ஸும் ஆகாது, அதில் கோதுமையும் பார்லியும் உண்டு. பீரும் பார்லிதான் என்பதைச் சில சித்தப்பாக்களின் தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

எங்களைப்போலத் திருவக்கரையில் குடியிருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வக்கிரகாளியம்மனின் ஜோதி தரிசனத்துக்கு வருகிறவர்கள், அப்படியே கல்மரப் பூங்காவைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, பிஸ்கட்டும் கேக்கும் மிக்சருமாக வந்து இறங்குவார்கள். பிரசாதத்தை வாங்கித் தின்னாமல் வைத்தால் சித்திக்குக் கோபம். "அம்மன் பிரசாதம்டி, ஒரு வாய் தின்னா என்னா ஆயிடும்? அவ பாத்துக்குவா." என் மனைவி கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்துவிடுவாள். இப்படியே என் எடை ஏறுகிறது. ஆடியில் ஊற்றுகிற கூழ் மட்டும் அவர்களுக்குத் திருவிழா. கேழ்வரகும் அரிசி நொய்யும் சேர்ந்த கூழில் கோதுமைக்கு இடமில்லை. மாவு நம் வீட்டில் அரைத்ததாக இருந்தால் சொம்பு சொம்பாகக் குடிக்கலாம்.

மகள் விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளின் வயிற்றில் காலையில் எதையாவது போடுகிற திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் அப்போது அறிவித்த பட்டியலைப் பாருங்கள்: ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா, ரவா கிச்சடி, ரவா பொங்கல், ரவா கேசரி. நடுவில் அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் தலை காட்டின. நெல்லும் கம்பும் கேழ்வரகும் விளைகிற மாவட்டத்துப் பிள்ளைகளின் காலைத் தட்டில் ஏன் இத்தனை கோதுமை? சீக்கிரம் வேகும், கிண்ட எளிது என்பது காரணமாக இருக்கலாம். அரிசி ரவையும் சீக்கிரம் வேகும்.

என் மகளுக்கு வீட்டில் இட்லி இருக்கிறது, அவள் தப்பித்துவிடுகிறாள். மதியச் சத்துணவில் சாம்பார் உண்டு என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, சமைக்கிற அம்மா, "அவ்ளோதானே, எல்லாருக்குமே பெருங்காயம் போடாம வெச்சிடறேன்" என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார். படித்தவர்கள் பலரிடம் மணிக்கணக்கில் விளக்கியும் கிடைக்காத புரிதல் அது. வீட்டில் இட்லி இல்லாத பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால் தினமும் ரவையைத் தின்றுவிட்டு, வயிறு உப்பி, வளராமல், 'சத்துக்குறைவு' என்ற பதிவேட்டில் பெயராக நிற்கும். அதற்கு இன்னும் கொஞ்சம் சத்துமாவு கொடுப்பார்கள். அந்தச் சத்துமாவிலும் கோதுமை இருக்கும்.

ஆயிரத்துக்கு ஒருவர் என்பதைச் சின்ன எண் என்று தள்ளிவிடாதீர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் இருபது லட்சம் பேர் இருக்கிறோம். உங்கள் வீட்டில் பிள்ளை வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை என்றாலோ, இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் ரத்தம் ஏறவில்லை என்றாலோ, சீலியாக் எதிர்ப்பொருள் சோதனை ஒன்று எழுதித்தரும்படி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோதுமையை நிறுத்திப் பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கோதுமையை விட்ட உடம்பில் அந்த நோய் சோதனையில் சிக்காமல் நழுவிவிடும். முதலில் ரத்தம் கொடுங்கள், சப்பாத்தியை அப்புறம் நிறுத்தலாம்.