இரண்டு ஏடுகள்

நியூசிலாந்தின் தொல்குடியினராகிய மாவோரியர்க்கும் ஆங்கில அரசுக்கும் 1840 பிப்ரவரி 6ஆம் நாள் வைத்தாங்கி என்னுமிடத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் ஆங்கில மூலத்தை ஹென்றி வில்லியம்ஸ் என்னும் பாதிரியார் தம் மைந்தருடன் ஓரிரவில் மாவோரி மொழியிற் பெயர்த்தார். மூலத்தில் 'இறைமை' என நின்றது, பெயர்ப்பில் 'காவனத்தங்கா' ஆயிற்று. ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்று ஆக்கப்பட்ட அப்புதுச்சொல், ஆட்சிப் பொறுப்பை மட்டுமே உணர்த்துவது. நிலத்தின்மீதும் ஊர்களின்மீதும் தலைவர்க்குள்ள முழு உரிமை நிலைத்திருக்கும் என்றும் அவ்வேடு உறுதி கூறிற்று. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தலைவர் ஒப்பமிட்டனர். அவருள் ஆங்கில ஏட்டில் ஒப்பமிட்டோர் 39 பேரே. ஆயினும் ஆட்சியாளர் அவ்வேட்டையே பற்றி நின்றனர். 1860களில் போர் மூண்டது, பெருநிலங்கள் பறிக்கப்பட்டன. இதனை மொழிபெயர்ப்புப் பிழையென்று ஒதுக்குதல் தகாது. தலைவர் எச்சொல்லைக் கேட்டு இசைந்தனரோ, அச்சொல்லே அரசையும் பிணிக்க வேண்டும். 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட தலைவர் இறைமையைக் கையளிக்கவில்லை என்று, 1975இல் அமைந்த வைத்தாங்கி நடுவர் மன்றம் 2014இல் உரைத்தது.