வாடையை மறைத்து விற்கப்படும் வீடுகள்



நம் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒன்றின் தந்தை, வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு மனைவியின் நகைகளையும் விற்றுப் பழைய வீடொன்றை வாங்கினார். கோடையில் அவர் பார்க்கச் சென்றபோதெல்லாம் அங்கே புதுப் பெயிண்ட் மணமும் சாம்பிராணிப் புகையுமே இருந்தன. ஐப்பசி மழை இறங்கியதும் உள்ளறையிலிருந்து பூனை மூத்திர வாடை கிளம்பியது. பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்கும் விற்பனையாளரிடம் முறையிட்டபோது, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் நாம் கண்டிக்கிறோம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்செய்தியை ஜும்ஆ மேடையில் கேட்டுத் தலையசைக்கும் நாம், வீடு விற்கும்போது மறந்துவிடுகிறோம். நனைந்த தானியத்தின் மேல் காய்ந்த தானியம் இருந்தது. நாறும் சுவரின் மேல் பெயிண்ட் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? மறைக்கப்பட்ட குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே ஃபிக்ஹின் தீர்ப்பு.

வாங்கிய குடும்பமோ ஜின் நடமாட்டம் என்று அஞ்சித் தாயத்து தேடுகிறது. பாட்டியார் அந்த அறையில் தொழவும் மறுக்கிறார். பூனையைப் பழிக்க வேண்டாம். அது அசுத்தமான பிராணி அன்று என்பது நபிமொழி. அதன் சிறுநீரே நஜீஸ். அதிலுள்ள யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீரில் எளிதில் கரையா. சிமெண்டின் நுண்துளைகளில் தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மீண்டும் நாறும். பினாயிலும் ஊதுபத்தியும் அதை மூடுமே தவிர அகற்றமாட்டா.

அகற்றும் வழி உண்டு. இரவில் விளக்குகளை அணைத்துப் புற ஊதா டார்ச் அடித்தால் பெரும்பாலான பழைய கறைகள் ஒளிரும். அவற்றைச் சுற்றிக் குறியிடுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதித் திரவத்தை அங்கே ஊற வைத்து, தானாக உலர விடுங்கள். தேவையெனில் மீண்டும் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயுவை உண்டாக்கும். பூச்சுக்குள் ஊறிவிட்டிருந்தால் பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவதே தீர்வு. இறுதியில் தூய தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கிராமவாசி ஒருவர் பள்ளிவாசலில் சிறுநீர் கழித்தபோது, அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றும்படியே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நீக்கவே இயலாத மெல்லிய வாடை எஞ்சினால் அது மன்னிக்கப்பட்டது என்று ஹனஃபி, ஷாஃபி சட்ட நூல்கள் இரண்டும் கூறுகின்றன. பாட்டியார் தயக்கமின்றித் தொழலாம். ஆனால் இச்சலுகை கழுவிவிட்டுத் தொழுபவருக்கு உரியது. மறைத்து விற்றவர் இதில் ஒளிந்துகொள்ள முடியாது.

நம்மை மிகவும் வருத்தியது வேறொன்று. "நீங்களும் பெயிண்ட் அடித்து, கோடையில் வேறொருவரிடம் தள்ளிவிடுங்கள்" என்று அந்தத் தந்தைக்கு உறவினர்களே யோசனை சொல்கிறார்கள். ஒருவர் செய்த மோசடி இப்படித்தான் ஊரின் வழக்கமாகிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது புகாரியில் வரும் நபிமொழி. அவர் சுவரைக் கொத்தட்டும். செலவை விற்றவரிடம் கேட்டுப் பெற ஜமாஅத் துணை நிற்கட்டும். என்றேனும் விற்க நேர்ந்தால், எந்த அறை, என்ன குறை என்று வாய்திறந்து சொல்லி விற்கட்டும். விலை குறையலாம், ஹலால் குறையாது.

நம் வீடுகளையும் வியாபாரங்களையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக! ஆமீன்.