எல்.கே.ஜி. பிள்ளைக்கும் ஒரு 100-வது நாள்!

"வெற்றிகரமான 100-வது நாள்" என்று சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. தியேட்டர் வாசலில் தோரணம். நடிகருக்கு மாலை. டைரக்டருக்குக் கேடயம். இப்போது ஒரு படம் 25 நாள் ஓடினாலே பெரிய சங்கதி. 100-வது நாள் விழா சும்மா கிடக்கிறது.

அதைத் தூக்கி எல்.கே.ஜி. வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் பல பாலர் பள்ளிகளில் இது வருஷா வருஷம் நடக்கிறது. பள்ளி திறந்த அன்று முதல் நாளுக்கு ஒரு குச்சி எடுத்து வைப்பார்கள். 10 குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு. 10 கட்டு சேர்ந்தால் அன்று வகுப்பே அமர்க்களம்தான். 100 பொத்தான் எண்ணுவார்கள். 100 தடவை குதிப்பார்கள். 100 வயதுக் கிழவன், கிழவி மாதிரி வேஷம் கட்டி வருவதும் உண்டு. (நமக்கு அந்த வேஷம் வேண்டாம். வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியையே கூப்பிட்டு உட்கார வைத்தால் போச்சு.)

இங்கே என்ன நடக்கிறது? யூ.கே.ஜி. முடித்தால் "பட்டமளிப்பு விழா"!

கொளுத்தும் மார்ச் மாத வெயில். ஷாமியானா பந்தல். ஐந்து வயசுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி. தொப்பி கண்ணை மறைக்கிறது. அங்கி காலைத் தடுக்கிறது. சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை அது அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அங்கே அந்த அங்கியை மாட்ட மூன்று வருஷமாவது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இங்கே அ, ஆ எழுதினால் போதும்!

விழா முடிந்து வேடிக்கையாகச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காசு இருக்கிறதே?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர் வீட்டில் ராத்திரிப் பேச்சு எப்படி இருக்கும்?

"என்னங்க, கவுனுக்கு வாடகை கேக்குறாங்க. போட்டோவுக்குத் தனியாம்."

"இந்த மாசம் பார்த்த ஓ.டி. பணம் அதுக்கே போயிடும் போல இருக்கே!"

(இது அம்பத்தூர் ஓ.டி. அல்ல. ஓவர் டைம் ஓ.டி.)

2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளையின் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கவுன் வாடகையை யார் கொடுப்பது? பணம் கட்ட முடியாதவர்கள், "பிள்ளைக்கு ஜுரம்" என்று சொல்லி அன்று வீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த கூட்டாளி மேடையில் நிற்கிறான். இவன் வீட்டில் டி.வி. பார்க்கிறான். அவனுக்குக் காரணம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரியும் ஸார்!

பெற்றோர் மேலும் தப்பு இருக்கிறது. எதிர்வீட்டுப் பிள்ளையின் கவுன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நம்ம ஸ்கூல்ல இதெல்லாம் கிடையாதா?" என்று முதலில் கேட்கிறவர்களும் நாம்தான்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நாளைக் கொண்டாடுவது என்பதுதான் கேள்வி.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எல்.கே.ஜி. வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒன்று ஆயாவின் கையைக் கடிக்கும். ஒன்று, "அம்மா கிட்டே போறேன், அம்மா கிட்டே போறேன்" என்று ஒரே பாட்டைச் சாயங்காலம்வரை பாடும். அதே பிள்ளை ஐப்பசி, கார்த்திகை வாக்கில் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறது. அம்மாதான் வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருப்பாள். அந்த மூன்று வயசு ஜீவன் தன் வாழ்க்கையில் செய்த முதல் பெரிய காரியம் இதுதான். 100-வது நாளும் கிட்டத்தட்ட அப்போதுதான் வருகிறது. மாலை போடுவதாக இருந்தால் அன்றைக்குப் போட வேண்டாமா?

எண்ணிக்கை சொல்லித்தரவும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. இத்தாலிக்காரரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். சண்டை மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் 100 என்பது கரும்பலகையில் எழுதும் எண் மட்டுமல்ல. 10 மணி கோர்த்த கம்பிகள் பத்தைச் சேர்த்த ஒரு சதுரம். பிள்ளை அதைக் கையில் தூக்கிப் பார்க்கும். ஒரு மணி எவ்வளவு லேசு, 100 மணி எவ்வளவு கனம் என்று கைக்கே தெரியும்.

மணி வாங்கக் காசு வேண்டாம். ஐஸ் குச்சி போதும். சோடா மூடி போதும். குண்டுமணி, பட்டாணி மட்டும் வேண்டாம். மூக்கில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும்! மூன்று வயசுப் பிள்ளைக்கு நூறு வரை எண்ண வராது. வரவும் வேண்டாம். ஆளுக்குப் பத்து. பத்துப் பிள்ளை சேர்ந்தால் நூறு. கூட்டு வேலை.

இன்னொன்று. இது வகுப்பின் 100-வது நாளாக இருக்கட்டும். பிள்ளையின் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஜுரம், அம்மை என்று 20 நாள் படுத்த பிள்ளையை, "உனக்கு இன்னும் 80-தான்" என்று மூலையில் உட்கார வைத்தால், அதற்குப் பழைய கவுனே மேல்.

மழை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூரும் கொரட்டூரும் தண்ணீரில் நின்றபோது, சென்னையில் ஒரு வாரம் பள்ளியே இல்லை. போகட்டும், 100-வது நாள் ஒரு வாரம் தள்ளி வரும். நம் பக்கத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். சென்னை கலெக்டர் லீவு விட்டு, திருவள்ளூர் கலெக்டர் விடாவிட்டால், அம்பத்தூர்ப் பிள்ளைக்கு 99. அடுத்த ஸ்டாப் திருமுல்லைவாயல் பிள்ளைக்கு 100!

தனியார் பள்ளியை விடுங்கள். இந்த விழா கட்டாயம் போய்ச் சேர வேண்டிய இடம் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய திட்டத்தின் பிள்ளை அது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது என்று ஒரே அம்மா ஓடிக்கொண்டிருப்பார். 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வகுப்புகள் வேண்டுமா வேண்டாமா என்று 2022-ல் ஒரு குழப்பம் வந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தொடர்ந்தன.

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி பீகார், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை ஜூன் மாதம் ஒரு வார்த்தை புரியாமல் வந்து உட்காரும். கார்த்திகையில், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நம் பிள்ளையோடு சேர்ந்து குச்சி எண்ணும். அதன் அப்பனையும் அம்மாவையும் அரை மணி நேரம் கூப்பிட்டு உட்கார வைத்து, அதைக் கேட்க வையுங்கள். பிள்ளை கையாலேயே ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுக்கச் சொல்லுங்கள். மேடை, மைக், விருந்தினர் ஒன்றும் வேண்டாம்.

நாளுக்கு ஒரு இலை வரைந்து ஒட்ட ஒரு பெரிய தாள் மட்டும் தேவை. சார்ட் அட்டைக்கு வசூல் என்று சீட்டு அனுப்பிவிடாதீர்கள். போன வருஷக் காலண்டரின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.