வாத்துக்காரர் ஏன் போன் பண்ண மாட்டார்?

கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், அடுத்த நாளே நம்ம ஊர் பேப்பரில் ஒரு படம் வந்துவிடும். வாளையார் சோதனைச் சாவடி, லாரி டயருக்கு மருந்து அடிக்கும் ஊழியர், கீழே "எல்லையில் கண்காணிப்பு தீவிரம்". ஒவ்வொரு தடவையும் அதே படத்தைத்தான் போடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு :-)

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தது. "எல்லாம் இந்த வாத்துக்காரனுங்களாலதான்டா. நோய் வந்தா சொல்லாம மறைச்சு வித்துடறானுங்க" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஆட்ட மனசு வரவில்லை. சரி, அவர் மறைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் மறைக்கிறார் என்று ஒருத்தராவது கணக்குப் போட்டோமா? நாம படிக்கிறது பி.காம் தானே சாமி?

முதலில் குட்டநாடு. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நெல் வயல்கள். அறுவடை முடிந்ததும் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்ன ஆயிரக்கணக்கில் வாத்துகளை இறக்கிவிடுவார்கள். பக்கத்திலேயே வேம்பநாட்டு ஏரி. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். 2014 நவம்பரில் அங்கே எச்5என்1 வந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் வாத்துகள் அழிக்கப்பட்டன. 2016-லும் 2021-லும் எச்5என்8. 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனா பக்கம் மறுபடியும் எச்5என்1. 2014-லும் 2021-லும் அது வந்த நேரத்தைப் பாருங்கள். ஒன்று கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு மாசம் முன்னால், இன்னொன்று அது முடிந்த கையோடு.

உடனே அறிவுரை ஆரம்பிக்கும். வலை போடு, காட்டுப் பறவை அண்டாமல் பார்த்துக்கொள், தீவனத்தை மூடி வை, பண்ணைக்குத் தனிச் செருப்பு வை. கோழிக் கொட்டகைக்கு இது அருமையான யோசனை. ஆனால் வாத்து நீந்துவது நாரையும் கொக்கும் நிற்கும் அதே தண்ணீரில். வயல் முழுக்க எங்கே போய் வலை கட்டுவது?

வாத்துக்காரர் செய்யக்கூடியதும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. புதுக் குஞ்சுகளை இரண்டு வாரம் தனியே வைக்கலாம். அடுத்தவர் மந்தையோடு கலக்காமல் மேய்க்கலாம். செத்த வாத்தை வாய்க்காலில் வீசாமல் இருக்கலாம். வாத்து பிளேக், வாத்து காலரா இரண்டுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டால், திடீர் என்று கூட்டமாகச் சாகும்போது "இது வழக்கமான நோய்தான்" என்று ஏமாறவும் வேண்டாம்.

ஆனால் இத்தனைக்கு அப்புறமும் ஒரு சிக்கல். சில வாத்துகள் நோயைக் காட்டிக்கொள்ளாமலே கிருமியை எச்சத்தில் கழிக்கும். குளிர்ந்த தண்ணீரில் அந்தக் கிருமி பல நாள் பிழைத்துக் கிடக்கும். ஆக, கண் வெளுத்து, கழுத்து திருகி முதல் நாலு வாத்து விழும் அன்றைக்கே கால்நடை டாக்டருக்குப் போன் போக வேண்டும். மற்ற எல்லாம் அப்புறம்தான்.

இப்போ அந்தப் போனுக்கு என்ன விலை என்று பார்ப்போம். 2014-ல் கேரளாவில் அழிக்கப்பட்ட பெரிய வாத்துக்கு நஷ்டஈடு 200 ரூபாய், இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குஞ்சுக்கு 100. 2021-ல்? அதே 200, அதே 100! ஏழு வருஷத்தில் தீவனம் ஏறியது, டீசல் ஏறியது. வாத்து மட்டும் அப்படியே நின்றது.

3,000 வாத்து வைத்திருப்பவருக்கு நஷ்டஈடு 6 லட்சம். சந்தையில் ஒன்று 350-க்குப் போகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் பத்தரை லட்சம். போன் பண்ணினால் நாலரை லட்சம் காலி. அந்த 6 லட்சமும் எப்போ வரும்? தாமதம் என்று குட்டநாட்டு விவசாயிகள் பலமுறை புலம்பியாகிவிட்டது. குஞ்சும் தீவனமும் கடனுக்கு வாங்கியவருக்கு வட்டி காத்திருக்குமா? இன்னொன்று, போபால் ஆய்வகம் நோயை உறுதி செய்துவிட்டால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு எல்லா வளர்ப்புப் பறவையையும் அழிப்பார்கள். அதாவது போன் பண்ணியவர் பக்கத்து வீட்டுக்காரர் பிழைப்பிலும் மண் போட்டவர் ஆகிறார். அப்புறம் அவர் அந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

"நஷ்டஈட்டை ஏத்தினா வேணும்னே நோயை வரவழைப்பானுங்க" என்றான் அதே நண்பன். நியாயமான கேள்விதான். பதிலும் கணக்கிலேயே இருக்கிறது. மந்தையை முன்கூட்டியே பதிவு செய்யட்டும். தொகை சந்தை விலையைத் தாண்ட வேண்டாம், ஆனால் அதன் பக்கத்திலாவது நிற்கட்டும். முதல் நாளே சொன்னவருக்கு முழுத்தொகை, தாமதித்தவருக்குக் குறைவு. பணம் பதினைந்து நாளில் வங்கிக் கணக்கில். அவ்வளவுதான்.

அரசுக்குச் செலவு என்பீர்கள். 2023 அக்டோபரில் பிரான்ஸ் தன் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது முதல் வருஷச் செலவில் 85 சதவீதத்தை அரசே ஏற்றது. தானமாக ஒன்றும் கொடுக்கவில்லை. 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரியவந்த எச்5என்1 மனித நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். அந்தக் கிருமியை வயலிலேயே நிறுத்தும் முதல் காவலாள் அந்த வாத்துக்காரர்தான். அவருக்கு நாம் கொடுக்கும் சம்பளம் இழப்பும் ஏச்சும்.

இது கேரளா சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். அறுவடை முடிந்த நம்ம டெல்டா வயலில் வாத்து மேய்ப்பவருக்கும் நாளைக்கு இதே கணக்குதான். டயருக்கு மருந்து அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிருமி லாரி ஏறுவதற்கு முன்னால் ஒரு மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார் பாருங்கள், காசு போக வேண்டிய இடம் அதுதான்.

திட்டுவதாக இருந்தாலும் கணக்கோடு வந்து திட்டுங்கள் மக்களே!