அன்னாசியை நீளவாக்கில் வெட்டுங்கள்!

அன்னாசிப் பழத்தை வாங்கிட்டு வந்து "நாலு நாள் கிடக்கட்டும், இனிப்பு ஏறும்"னு அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வைக்கிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. தயவுசெஞ்சு நிறுத்துங்க!

மாங்காயும் வாழைக்காயும் பறிச்ச பிறகு பழுக்கும். உள்ளே இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாறும். அன்னாசியில் அந்தச் சேமிப்பே கிடையாது. சர்க்கரை செடியிலிருந்துதான் வரணும். காம்பை வெட்டின நிமிஷமே வரத்து நின்னு போச்சு. அப்புறம் தோல் மஞ்சளாகும், சதை இளகும், வாசம்கூடக் கிளம்பும். இனிப்பு மட்டும் ஏறாது. சிலமலைக்காரங்களுக்கு இது புரிய புத்தகம் வேணாம். மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்களைக் கேளுங்க: பிஞ்சுல பறிச்ச ஏலக்காயை ஸ்டோர்ல காய வெச்சா சுருங்குமே தவிர விளையாது.

சரி, தலைகீழா வெச்சா இனிப்பு இறங்கிப் பரவும்னு ஒரு கோஷ்டி சொல்லுது. சர்க்கரை என்ன பாட்டில் தண்ணியா, கவுத்தா ஓடுறதுக்கு?

போடிமெட்டு ஏறி, மூணாறு, அடிமாலி வழியா இறங்கினா மூவாற்றுப்புழை. அதுக்குப் பக்கத்துலதான் வாழக்குளம். 2009-ல் புவிசார் குறியீடு வாங்கின அன்னாசி ஊர். கடல் தாண்டிப் போற சரக்கைக் காயா பறிக்கிறாங்கன்னா அர்த்தம் இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் விளையறதை நாம ஏன் பச்சையா வாங்கி அடைகாக்கணும்? கடையிலேயே அடிப்பக்கத்தை மோந்து பாருங்க. மஞ்சள் ஏறி, வாசம் வந்து, கையில கனமா இருந்தா எடுங்க. அன்னைக்கே வெட்டுங்க.

இப்போ அசல் சண்டைக்கு வர்றேன். அன்னாசி அடியிலிருந்து மேல்நோக்கிப் பழுக்குது. அடிப்பக்கம் தேன், கொண்டைப் பக்கம் புளிப்பு. நாம என்ன பண்றோம்? அடியிலிருந்து வட்டம் வட்டமா நறுக்குறோம். முதல் வட்டம் அப்பாவுக்கு, இல்லைன்னா விருந்தாளிக்கு. அடுத்தது பையனுக்கு. தோல் சீவி, கண் நோண்டி, கை எரிய வெட்டின அம்மாவுக்குக் கடைசி வட்டமும் நடுத்தண்டும்! கேட்டா "அம்மாவுக்குப் புளிப்புதான் பிடிக்கும்". அம்மாகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா சாமி?

வட்டம் டப்பாவுக்கு ஏத்த வடிவம். 1911-ல் ஹவாயில் ஜேம்ஸ் டோல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த ஹென்றி ஜினாகா ஒரு மெஷின் செஞ்சார். தோலைச் சீவி, தண்டை எடுத்து, பழத்தை உருளையாக்கித் தள்ளும். நம்ம வீட்டுல டப்பாவா அடைக்கிறோம்?

கொண்டையை வெட்டி, தோலை மெலிசா சீவுங்க. கண்கள் சாய்வு வரிசையில இருக்கும். அந்த வரிசையிலேயே கத்தியைச் சாய்ச்சு வாய்க்கால் மாதிரி எடுத்தா சதை வீணாகாது. அப்புறம் மேலிருந்து கீழே நீளவாக்குல எட்டாப் பிளங்க. ஒவ்வொரு கீத்திலும் அடியும் இருக்கும், நுனியும் இருக்கும். யாருக்கு எந்தக் கீத்து போனாலும் ஒண்ணுதான். "வட்டமா இருந்தா தட்டுல அழகா இருக்கும்"னு சொல்றவங்க கடைசி வட்டத்தைச் சாப்பிட்டுட்டு வந்து பேசுங்க :-)

மிச்சத்தை மூடி போட்ட டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வெச்சு மூணு நாளைக்குள்ள முடிச்சிடுங்க. தண்டை ரசத்துல போடுங்க. நாக்கை அரிக்க வைக்கிற புரோமெலைன் கொதியில் செத்துடும்.