காற்று உரசுவதை எப்படி அளப்பது? ஹைப்பர்சோனிக் சோதனையில் குட்டி சென்சாருக்கு என்ன வேலை?

போடிமெட்டு வளைவுகளில் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், எதிர்காற்று எப்படித் தள்ளும் என்று. அதே காற்று உடம்பை உரசிக்கொண்டும் போகிறது. ஒலியைவிட 5 மடங்குக்கு மேல் வேகமெடுத்தால் அந்த உரசல்தான் பெரிய தலைவலி.

ஏன் முக்கியம்?
2020 செப்டம்பர் 7-ல் டிஆர்டிஓ சோதித்த ஹெச்எஸ்டிடிவி வாகனத்தில் இருந்தது ஸ்கிராம்ஜெட் இன்ஜின். இந்த வகை இன்ஜினில் உந்துவிசை, எதிர்ப்புவிசையைக் கொஞ்சம்தான் மிஞ்சும். உரசல் கணக்கு தப்பினால் வேகமும் கிடைக்காது, வெப்பக் கணக்கும் தப்பும்.

எப்படி அளக்கிறார்கள்?
மாடலின் மேற்பரப்பில் ஏலக்காய் விதை அளவுக்கு ஒரு தகடு, நுண்ணிய ஸ்பிரிங்குகளில் மிதப்பதுபோல நிற்கும். காற்று உரசினால் முடியளவுகூட நகராது. அந்தச் சின்ன அசைவுதான் மின் சிக்னலாக மாறுகிறது.

ஏன் இவ்வளவு சின்னது?
பெரிதாக இருந்தால் உரசல் இடத்துக்கு இடம் மாறுவது தெரியாது. அதிர்வலைச் சுரங்கங்களில் காற்று ஓடுவதே சில மில்லி விநாடிதான். கனமான சென்சார் அசைவதற்குள் சோதனையே முடிந்துவிடும்!

2020 டிசம்பரில் ஹைதராபாத்தில் திறக்கப்பட்ட டிஆர்டிஓ காற்றுச் சுரங்கம் மாக் 5 முதல் 12 வரை வேகம் தரும். ஆனால், அங்கே எடுக்கும் அளவை நம்பித்தான் அடுத்த வாகனம் பறக்கணும். அதனால்தான் இந்தக் குட்டித் தகட்டுக்கு இவ்வளவு மெனக்கெடல்.