தாழ்ந்த இமையும் தவறான தீர்ப்பும்

வகுப்பில் ஒரு சிறுவன் மோவாயை உயர்த்தி, நெற்றியைச் சுருக்கிக் கரும்பலகையை நோக்குகிறான். அதனைத் திமிர் என்று கொள்வாரும் உளர். பாதி மூடிய கண்களைக் கண்டு, தூங்குமூஞ்சி என்று ஒதுக்குவாரும் உளர். இரண்டும் பிழையே. பிறவியிலேயே மேலிமை தாழ்ந்த குழந்தை, இமைக்குக் கீழுள்ள சிறு இடைவெளி வழியே உலகைக் காணும் முறை அது.

மேலிமையை உயர்த்தும் தசை செவ்வனே வளராமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். சில குடும்பங்களில் இது தலைமுறைதோறும் தொடர்கிறது. கண்பிளவு குறுகி, இமை தாழ்ந்து, கீழிமையிலிருந்து மூக்கின் பக்கமாக ஒரு தோல்மடிப்பு மேலெழும் நிலை அத்தகையது. மூன்றாம் குரோமோசோமிலுள்ள ஃபாக்ஸ்எல்2 என்னும் ஜீனின் மாறுதலால் இது விளைகிறது என்பது 2001-இல் அறியப்பட்டது. பெற்றோருள் ஒருவருக்கு இது இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. தந்தை வழியாகவும் வரலாம், தாய் வழியாகவும் வரலாம். இருவரிடமும் இன்றிப் புதிதாகவும் தோன்றலாம். ஆதலின், கிரகணத்தின்மீதோ தாயின்மீதோ பழி சுமத்த இடமில்லை.

இது வெறும் அழகுக் குறை, வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணமே பெருந்தீங்கு விளைப்பது. காணும் ஆற்றலை மூளை கற்றுக்கொள்வது பெரும்பாலும் முதல் ஏழெட்டு ஆண்டுகளிலேயாம். அப்பருவத்தில் இமை பாவையை மறைப்பினும், உடன்வரும் பார்வைக் கோளாறு கண்ணாடியால் திருத்தப்படாதுவிடினும், அக்கண் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடுகிறது. பின்னர் அறுவை செய்து இமையை உயர்த்தினாலும், இழந்த பார்வை முழுதும் மீள்வது அரிது. சோம்பேறி என்று குழந்தையை ஏசிக் காலங்கடத்தினால், கண்தான் சோம்பேறியாகிறது.

ஆசிரியர் மருத்துவர் அல்லரே, அவர்மீது மேலும் ஒரு சுமையா என்று கேட்கலாம். நோயைத் தீர்மானிக்குமாறு எவரும் அவரைக் கேட்கவில்லை. கண்டவுடன் அனுப்புவதே அவர் கடமை. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய கார்யக்ரமத்தின் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வரும் ஏற்பாடு உள்ளது. ஆசிரியரும் களப்பணியாளரும் குழந்தையை நாள்தோறும் காண்பவர்கள். குழு வரும்வரை காத்திராமல், கண் மருத்துவரிடம் அனுப்புதலே முறை. பிறவியில் நன்றாயிருந்த இமை திடீரெனத் தாழின், அன்றே அனுப்புதல் வேண்டும். நரம்பு நோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

முன்வரிசையில் ஓர் இடம், பட்டப்பெயரிட்டு அழைப்போரைக் கண்டிக்கும் ஒரு சொல், காலத்தே எழுதித்தரும் ஒரு சீட்டு — இவற்றிற்குத் தனிப் பயிற்சியும் வேண்டுவதில்லை, பொருட்செலவும் இல்லை. ஒரு கண்ணைக் காப்பதற்கு இவை போதுமானவையாக அமையக்கூடும்.